மட்டியும் மாமா மகனும்

தூத்துக்குடியில் மூன்று வருடம் மட்டிச் சிப்பிகளை அளந்தேன். ஆராய்ச்சிப் படிப்பு. ஒரே நாளில் பிறந்த குஞ்சு மட்டிகளை வளர்த்து, எது வேகமாக ஓடு வளர்க்கிறது, எது முதலில் சாகிறது என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் சதையிலும் சில நொதிகளைச் சோதிக்க வேண்டும். ஒரு நொதிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வரும். இரண்டும் ஒரே வகை என்றால் சோதனையில் ஒரு கோடு தெரியும். வேறுவேறு வகை என்றால் இரண்டு. இரண்டு கோட்டு மட்டிகள் நன்றாக வளரும், கஷ்டகாலத்தைத் தாங்கும் என்று பலர் எழுதியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் கோவில்பட்டி வீட்டில் என்னை எட்டயபுரத்து மாமா மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் குறையொன்றும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத் தைரியம் இல்லாததால் மட்டியைக் கையில் எடுத்தேன்.

மாமாவும் மகனும் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு ஒற்றைக் கோடு அதிகமாக வரும் என்று படம் போட்டு விளக்கினேன். மாமா கரிசலில் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு ரகத்தக் கலந்த வீரிய விதை மாதிரின்னு சொல்லுத."

"ஆமா மாமா."

"சரி, நீ வளத்த மட்டியில அப்படித்தான் வந்துச்சா?"

அந்த வாரம்தான் என் முடிவுகள் வந்திருந்தன. இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்ந்திருந்தன. இருந்த கொஞ்ச வித்தியாசமும் தற்செயலாக இருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வரல மாமா."

"பெறவு என்ன?"

மாமா மகன் காராச்சேவுத் தட்டைக் கீழே வைத்தார். "மட்டிய விடு. ஒனக்கு என்னையப் பிடிக்கலையா?"

"பிடிக்கல அத்தான்."

அம்மாதான், "ஏட்டி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? இதுக்குப் போய் மூணு வருசமா அம்புட்டு மட்டியக் கொன்னிருக்கியே" என்றாள்.

மாமா சாப்பிடாமல் பஸ் ஏறினார். பல மாதம் எங்களுடன் பேசவில்லை. நான் ஆய்வேட்டில் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதிப் பட்டம் வாங்கினேன். அடுத்த தை மாதம் அத்தானுக்கு வெளியில் பெண் அமைந்தது. பயந்துகொண்டே கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் மாமா என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"இந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்கடே" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.