நலம் விசாரித்த மூன்று மணி நேரம்

நாலோங்கோ நன்தேஸா எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில், சான்றிதழ் கொடுக்கும் சன்னலில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர். இரட்டையரைப் பெற்ற தாயை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்; அதனால் எல்லோருக்கும் அவர் நாலோங்கோ. பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். கணினியில் ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஆனால் அவர் கையிலிருந்து சான்றிதழ் ஆள் மாறிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சிக்கனக் குழு வந்த ஆண்டு, பிரிவுக்கு ஒரு பணியிடத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். எந்த இடம் என்று தீர்மானிக்க எல்லோருக்கும் ஒரு படிவம். நாளின் எட்டு மணி நேரம் எதில் போகிறது என்று எழுத வேண்டும். ஆவணச் சரிபார்ப்பு, தரவு மேலாண்மை என்று ஆளாளுக்கு நிரப்பினோம். குழுவின் எழுத்தரான என் படிவமும் அந்த ரகம்தான்.

நாலோங்கோ எழுதியிருந்தார்: 'நலம் விசாரித்தல், மூன்று மணி நேரம்.'

படிவத்தோடு நேரே சன்னலுக்குப் போனேன்.

"இதை யாராவது எழுதுவாங்களா நாலோங்கோ?"

"ஏன், பொய்யா? மசாக்காவுலேருந்து பஸ் ஏறி வர்ற பெரியவர்கிட்ட எடுத்த எடுப்புல 'ரசீது எங்கே'ன்னா கேக்கறது? வீட்டைக் கேக்கணும், மாட்டைக் கேக்கணும். உங்கம்மா சொல்லித் தரலையா முசிசி?"

"எனக்குச் சொல்லித் தந்தாங்க. குழுவுக்குத் தரலையே. வாடிக்கையாளர் சேவைன்னு மாத்திடுங்க. இல்லேன்னா வேலை போயிடும்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இரட்டையர் இருவரும் இங்கேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறார்கள். ஊழியர் பிள்ளைகள் என்பதால் பாதிக் கட்டணம். படிவத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்தினா இத்தனை வருஷம் சும்மா இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுவும் வேலைதான்."

குழுவுக்காகப் படிவங்களைத் தட்டச்சு செய்யும்போது நானே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அவருடைய நேர்மையை மதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதித்தேனா, பயந்தேனா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குழுத் தலைவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "மூணு மணி நேரம் அரட்டைக்கா சம்பளம்?" என்றார். அன்று காலை அந்தச் சன்னலைத் தாண்டி வந்தபோது, நாலோங்கோ கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னவர்தான் அவரும்.

பணிநீக்கக் கடிதத்தை என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

"வாங்க முசிசி. நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன்." தூங்கவில்லை.

"சின்னவளுக்குக் காய்ச்சல்னீங்களே?"

"விட்டுடுச்சு. பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"பரீட்சைக்குப் படிக்கிறாங்க. நீங்க செய்யற வேலைக்கு நன்றி."

எங்கள் வழக்கப்படி பதிலுக்கு நானும் அதையே சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, சொல்லுங்க. என்ன விஷயமா வந்தீங்க?"