காலிக் கட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு வியாழக்கிழமை அக்கா என்று பெயர். சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. பெரிய பதவியெல்லாம் இல்லை. அந்தக் கட்டடத்தில் துறைக்கு ஒருவர் இருவர் தனியாக உட்கார்ந்து, பக்கத்து மேசைக்குக்கூடப் புரியாத புரோகிராம் எழுதித் தரவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். குடிநீர்த் துறைக்காரர் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையை மின்வாரியப் பெண் போன வருடமே முடித்துவைத்திருப்பாள். இருவருக்கும் நடுவே ஒரே ஒரு மாடிப்படி. இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா, உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடந்த கீழ்த்தள அறையைக் கெஞ்சி வாங்கினாள். வியாழன்தோறும் மூன்று மணிக்குக் கூட்டம். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர். ஆறு வருடத்தில் நாற்பது பேர் ஆனார்கள்.

அங்கே ஒரே ஒரு சட்டம். வாயைத் திறப்பவர் யாரானாலும் "என் தப்பு என்னன்னா" என்று ஆரம்பித்து, தன் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். கேட்பவர்கள் சிரிக்கலாம், திட்டக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அக்காதான்.

அவளுடைய தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சாய்ந்தான். அக்கா அலுவலகத்தில் இருந்தாள். அம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முன்பெல்லாம் அவர்கள் தெரு முனையிலேயே, சுகாதார நிலையத்து வாசலில், ஓர் ஆம்புலன்ஸ் வண்டி நிற்கும். தம்பி சாவதற்கு எட்டு மாதம் முன்பு அதை வேறிடத்துக்கு மாற்றியபோது, எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ என்று அம்மாவோடு சேர்ந்து அக்காவும் திட்டியிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், முதல் வேலையாக அந்த வண்டியை மாற்றிய கோப்பைத் தேடித் திறந்தாள். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது அவளுடைய புரோகிராம். சுகாதார நிலையத்துக் குமாஸ்தா ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு ஆள் போடாததால், வண்டியை மாற்றுவதற்கு முந்தைய ஐந்து மாதமும் அங்கிருந்து கணக்கே வரவில்லை. காலியாக இருந்த கட்டங்களில் புரோகிராம் பூஜ்யத்தைப் போட்டது. அவசர அழைப்பு பூஜ்யம் என்றால் வண்டி எதற்கு? அதைச் செய்யச் சொன்ன வரி அவள் கைப்பட எழுதியது. நல்ல மனதோடு அவள் கூட்டத்தில் பகிர, பதினோரு துறைகள் எடுத்துக்கொண்ட வரி.

அந்த வியாழன் அவள் எழுந்து நின்று, "என் தப்பு என்னன்னா" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மின்வாரியப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

குடிநீர்க்காரர்தான் பேசினார். "அக்கா, அந்த வரியை நானும் பார்த்துட்டுத்தான் எடுத்தேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு."

"பங்கு பிரிக்க நான் வரலைங்க. எல்லாரும் அவங்கவங்க புரோகிராமைத் திறங்க."

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு துறைகளிலும் அந்த வரி நீக்கப்பட்டது. மூன்று வாரத்தில் வண்டி தெரு முனைக்குத் திரும்பி வந்தது.

வந்ததுதான் வினை. காலையில் சன்னலைத் திறந்ததும் அம்மா அதைப் பார்ப்பாள். "அன்னைக்கு இது எங்கடி போச்சு? எந்தப் பாவி அனுப்பினான்னு உங்க ஆபீஸ்ல கேளேன்."

"கேக்கறேம்மா" என்பாள் அக்கா. நாற்பது பேர் முன்னால் வந்த வார்த்தை, வீட்டில் வரவில்லை. ஒன்பது நாள் அப்படியே ஓட்டினாள்.

பத்தாம் நாள் ஞாயிறு. அம்மா தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, என் தப்பு என்னன்னா..."

காலிக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் விளக்க அதிக நேரம் ஆகவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அம்மாவுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது.

"கணக்கு வரலைன்னா, இங்க மனுஷங்களே இல்லைன்னு எடுத்துக்கிட்டியா?"

"ஆமாம்மா."

அம்மா கையிலிருந்த சட்டையின் காலரை நீவி நீவிச் சரி செய்தாள். அதை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தத் தெருவுலதானேடி நீயும் இருந்தே?"