பன்னீர் வாங்காத நாள்

அன்று ராசிபுரத்து வீட்டில் அக்கா இருந்தாள், மச்சான் இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை, ஓமலூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். எதையும் பட்டில் படவிடுமுன் கந்தலில் தடவிப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

நேற்று சேலத்து மருந்துக் கடையில் ஒருவர் கைக்குப் பூச கிளிசரின் கேட்டார். கடைக்காரர் கேட்காமலே பக்கத்தில் ஒரு பன்னீர் சீசாவையும் வைத்தார். எனக்கு ராசிபுரத்து மார்கழி ஞாபகம் வந்துவிட்டது.

மார்கழி என்றால் உங்களுக்குக் கோலம் தோன்றலாம். எனக்கு அக்காவின் விரல்கள். பட்டு நூலை சோடா கலந்த வெந்நீரில் அலசி அலசி, பனியும் சேர்ந்து, நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். வலியைப் பொறுத்துக்கொள்வாள். தறியில் உட்கார்ந்தால் வெடிப்பில் இழை மாட்டி அறுந்துவிடும், அதுதான் தாளாது. எண்ணெய் தடவினாலோ பட்டில் கறை. வெள்ளிக்கிழமை முதலாளிக்கு ஒரு முகூர்த்தச் சேலை, மாம்பழ மஞ்சளில், கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த சேலைக்கு நூல் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்போது காலேஜில் ரசாயனம். கிளிசரின் எண்ணெய் அல்ல, தண்ணீரில் கரைவது என்று புத்தகத்தில் இருந்தது. போதாதா? ஓடினேன்.

"சரிபாதி பன்னீர் கலந்துக்குங்க தம்பி" என்றார் கடைக்காரர்.

பன்னீரைக் கல்யாண வாசலில் தெளித்துத்தான் பார்த்திருக்கிறேன். மருந்தில் அதற்கென்ன வேலை? வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று வந்துவிட்டேன்.

"பட்டுல ஒட்டாதா சாமி?" என்றாள் அக்கா.

"ஒட்டாதுக்கா. இது எண்ணெயே இல்ல."

"நீ படிச்சவன். சொன்னாச் செரி."

வெடிப்பில் பட்டதும் துடித்தாள். மருந்தென்றால் எரியத்தான் செய்யும் என்று அதற்கும் விளக்கம் சொன்னேன். துணியில் துடைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். இழை அறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியம் மச்சான் குனிந்து பார்த்தபோது, மஞ்சளில் ஒரு சாண் நீளத்துக்கு விரல் விரலாகக் கருத்திருந்தது. எதுவும் கலக்காத கிளிசரின், துடைத்தும் போகாமல் விரலில் பிசுபிசுத்து நின்றிருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க காலேஜு, நம்மூட்டுல கல்யாணம் இல்லீன்னு பன்னீரை உட்டுட்டு வந்துட்டீங்களாக்கும்?" என்றார். அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மச்சானே பன்னீர் வாங்கி வந்தார். வேலியில் இருந்த கற்றாழையை நான் சீவிக் கழுவிக் கொடுத்தேன். முதலில் அதைப் பூசி எரிச்சல் அடங்க விட்டோம். பிறகு கிளிசரினும் பன்னீரும் சரிபாதி. தறி வேலை முடிந்த பிறகுதான் பூச்சு, உட்காருமுன் நன்றாகக் கழுவல். நாலே நாளில் வெடிப்பு மூடியது.

முன்பெல்லாம் வந்த தபால், ரேஷன் சீட்டு, காய்ச்சல் மாத்திரை எல்லாவற்றையும் என்னிடம்தான் அக்கா நீட்டுவாள், "நீ படிச்சவன், சொல்லு" என்று. அதற்குப் பிறகும் பாசத்துக்குக் குறைவில்லை. அந்த வார்த்தையை மட்டும் அவள் வாயால் நான் கேட்கவில்லை.

முதலாளி நூலை நிறுத்தவில்லை, கறைக்காகக் கூலியில் பிடித்தார். பன்னிரண்டு ரூபாய். கிளிசரின் ஆறணா, பன்னீர் நாலணா. ஆகப் பன்னிரண்டு ரூபாய் பத்தணா.