கூடை மண்ணும் சுட்ட கறியும்

எங்கள் நைனா கறி தின்பதை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம் வேண்டுதல். எங்கள் நகரி ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தபோது அலிபிரி அடிவாரத்திலிருந்து ஏழு மலையும் ஏறிப் பெருமாளிடம் போனவர், திரும்பி வந்ததும் இனி கறி இல்லை என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கறி, அவருக்கு ரசம். ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

நான் எதையும் நோண்டிப் பார்க்கிறவள். தனியா, மிளகாய், மிளகு, சீரகம், ஒரு துண்டு கல்பாசி எல்லாம் வறுத்து இடித்து, ஆட்டுத் தொடைக்கறியைக் கனமான பட்டைகளாக வெட்டி, தூளைத் தேய்த்து ஊறவைத்து, கொல்லையில் புளியங்கட்டைத் தணல்மேல் கம்பி போட்டுச் சுடுவேன். நைனா கிணற்றடியில் இருந்தபடியே, "தனியா கருகிப் போச்சி" என்பார். கருகித்தான் இருக்கும். வாயில் வைக்காமல் எப்படித் தெரிகிறது? ஒருநாள் வேண்டுமென்றே சீரகத்தை விட்டுவிட்டு இடித்தேன்.

"சீரகம் எங்க? என்னையே சோதிக்கிறியா?" என்றார்.

மூக்காலேயே சாப்பிடுகிற மனிதரை நினைத்தால் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் எல்லை முடிவானது. திருத்தணிப் பக்கம் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் மெட்ராஸோடு போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். இனி சாகிற வரைக்கும் கறி கிடையாது என்று நைனா சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"சாமியாண்ட இன்னா சொல்லி வேண்டிக்கின நைனா? வார்த்த மாறாம சொல்லு."

"மெட்ராஸ் மண்ணுமேல நின்னாத்தான் இனிமே கறி துன்னுவேன்னு சொன்னேன். ஏன்?"

"நம்ம ஊரே அங்க போய்ச் சேரணும்னு சொல்லலியா?"

"சொல்லல."

அத்தைக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பினேன். அடுத்த ஞாயிறு, தன் வயல் மண்ணை ஒரு கூடை நிறைய அள்ளி, துணி போட்டு மூடி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கூடையில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, "மெட்ராஸ்" என்றாளாம். தணலுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டிப் பரப்பினாள்.

"சாமிய ஏமாத்தற வேலயா இது?" என்றார் நைனா.

"சாமியும் ஆந்திராவுலதான் மாட்டிக்கினாரு. அவருக்குத் தெரியாத கஷ்டமா? ஏறி நில்லு அண்ணா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். வாழையிலைத் துண்டில் ஒரு பட்டை வைத்துக் கொடுத்தேன். நிதானமாக மென்றார். கண்ணில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"உப்பு கம்மி," என்றார்.

நான்கு வருடமாக அவர் மூக்குக்குப் பிடிபடாமல் போனது அது ஒன்றுதான்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மண்மேல் நின்றே தின்றார். உடம்பும் தேறியது. வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் மட்டும் கொஞ்சம் கூச்சப்படுவார். ஐப்பசியில் விடாமல் மழை பெய்து, கொல்லையெல்லாம் ஒரே சேறாகி, எது அத்தை வயல் மண், எது எங்கள் மண் என்று தெரியாமல் போயிற்று. இன்னொரு கூடை கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

நைனா தரையைப் பார்த்தார்.

"வேணாம், கறி ஆறிடும்," என்று சொல்லி, கிணற்றடியிலேயே உட்கார்ந்து இலையை வாங்கிக்கொண்டார்.