தோதாத்ரியின் மடி சர்வர்

திருப்பதியில் எங்கள் ஸ்கேன் சென்டரின் சர்வர் அறைக்குள் செருப்போடு போனவர் யாரும் கிடையாது. செருப்பில்லாமல் போனவரும் ஒரே ஒருவர்தான், தோதாத்ரி. சித்தூர், குப்பம், நாயுடுபேட்டைக் கிளைகளில் எடுக்கிற ரிப்போர்ட்டெல்லாம் அந்த லினக்ஸ் சர்வருக்குத்தான் வந்து சேரும். அதைக் கட்டிக் காப்பவர் அவர். நான் பக்கத்து அறையில் பில் போடுகிறவன்.

காலையில் குளித்து, பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு வந்து, இரண்டு பூட்டையும் திறந்து உள்ளே போவார். வாட்ச்மேன் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தால் போதும், "கிட்ட வராதேப்பா, மடி" என்று சத்தம் போடுவார். சர்வருக்கு மடி பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை, காணவும் ஆசையில்லை.

இத்தனை ஆசாரத்துக்கும் நடுவில் ஃபைல் வந்து போனது எஃப்டிபி என்கிற பழைய முறை வழியாக. அறைக்கு இரண்டு பூட்டு. வழியில் வருகிற தகவலுக்கு மேலே போர்த்த ஒரு துண்டுகூட இல்லை. இதைக் கண்டு சொன்னவள் நந்திதா, திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்து போகிற புது இன்ஜினியர்.

"எஃப்டிபியில பாஸ்வேர்டு அப்பிடியே எழுத்தாவே போவுது சார். நடுவுல எவன் பாத்துக்கினு இருந்தாலும் படிச்சிடுவான். பேஷண்ட் ரிப்போர்ட்டும் அப்பிடித்தான். எஸ்எஃப்டிபிக்கு மாத்திட்டா எல்லாமே எவனுக்கும் புரியாத எழுத்தா மாறிப் போவும். நம்ம லினக்ஸ்லயே இருக்குது, புதுசா எதுவும் வாங்க வேணாம்."

"இத்தனை வருஷமா ஒரு நாள் நின்னதுண்டோ? ரெண்டு பூட்டு போட்டு வச்சிருக்கேன், எவன் வந்து படிக்கப் போறான்?" என்றார் தோதாத்ரி.

தகராறு மேனேஜர் ராம்ப்ரசாத்திடம் போயிற்று. அப்போது ஐடி மேனேஜர் பதவிக்கு ஆள் எடுக்கிற நேரம். இரண்டாயிரத்துப் பதினாறில் கைக்கு வந்து ராம்ப்ரசாத்தால் நழுவிப்போன அந்தப் பதவிக்காகவே தோதாத்ரி காத்துக் கிடந்தார். இரண்டு பூட்டு இருக்கிற தைரியத்தில் அவரே பந்தயம் கட்டினார்.

"நான் சித்தூர் பிராஞ்சுக்குப் போய் அங்கேந்து லாகின் பண்றேன். என் பாஸ்வேர்டை இவ இங்கே சொல்லட்டும். சொல்லிட்டா அந்தப் பதவியை இவளுக்கே குடுங்கோ."

"சரேலே, அப்படியே ஆகட்டும்" என்றார் ராம்ப்ரசாத்.

மூளையுள்ள எவனும் அந்த ஒரு நாளைக்காவது பாஸ்வேர்டை மாற்றியிருப்பான். மாற்றினால் பயந்துவிட்டதாக ஆகிவிடுமாம். தோதாத்ரி மாற்றவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டார்.

நந்திதா அந்த மடி அறைப் பக்கமே போகவில்லை. வெளியே நெட்வொர்க் வயரெல்லாம் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியில் லேப்டாப்பைச் செருகி, சர்வருக்கு வருகிறதன் நகல் தனக்கும் வரும்படி செய்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ராம்ப்ரசாத், மறுபக்கம் வேடிக்கை பார்க்க நான். திரையில் முதலில் தோதாத்ரியின் பெயர் வந்தது. அடுத்த வரியில் பாஸ்வேர்டு. எழுத்து இங்கிலீஷ், பேச்சு அசல் தமிழ்: ராம்ப்ரசாத் அசட்டுப்பிணம் 2016.

நந்திதா மூடப் போனாள். ராம்ப்ரசாத் அவள் கையைத் தடுத்து, இன்னொரு தரம் நிதானமாகப் படித்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே தோதாத்ரியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. திருமண்ணும் ஈரத் தலையுமாக உள்ளே போய்த் தினமும் முதல் வேலையாக அவர் தட்டியது இதைத்தான். உலகத்தில் ஒருவர் கண்ணிலும் படாத வசவு என்று நம்பியிருக்கிறார்.

போன் அடித்தது. நந்திதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, ஏதாவது மாட்டித்தோ? மேனேஜர் இருக்காரோ அங்கே?"

"இருக்கேன் தோதாத்ரி காரு. வந்துடுச்சு."

"அப்படியா? எங்கே, வாசியுங்கோ பார்ப்போம்."

ராம்ப்ரசாத் வாசித்தார், வருஷத்தோடு சேர்த்து.

"சித்தூர் பிராஞ்சுல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றார் ராம்ப்ரசாத். "நீங்க எழுந்திருக்க வேணாம், அதுலயேதான் உக்காந்திருக்கீங்க."