ரொட்டி அடுப்பின் மேல் ஒரு தவளைத் தொண்டை

என் உடம்பில் அறிவியலுக்குப் பயன்பட்ட ஒரே பாகம் கண்ணிமை முடி. மூளை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்புறம், முன்பு துணி உலர்த்திய அறையில், டாக்டரம்மாவும் நானும் விலங்குகளின் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக வெட்டிக்கொண்டிருந்தோம். நுண்ணோக்கி நகரத்தில் இருந்தது. எங்களிடம் இருந்தது வெட்டும் மெஷின் மட்டும். அதற்குக் கத்தியாகக் கண்ணாடித் துண்டை மாட்டுவோம். புதிதாக உடைத்த கண்ணாடியின் விளிம்புக்கு ஈடான கூர்மை எந்த இரும்புக்கும் கிடையாது. வெட்டிய சீவல் அதன் பின்னால் கட்டியிருக்கும் சிறு தொட்டித் தண்ணீரில் மிதக்கும். அதைத் தள்ளி ஓரங்கட்டக் குச்சியில் ஒட்டிய இமை முடிதான் வேண்டும். டாக்டரம்மாவின் முடி தண்ணீரில் வளைந்தது. என்னுடையது பன்றி மயிர் போல நிமிர்ந்து நின்றது. என் பதவி அன்றே உறுதியானது.

டாக்டரம்மாவின் நோக்கம் பெரியது. நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. சளியை இடைவிடாமல் மேலே தள்ளுவது அவைதான். மலைக்கு வரும் நெஞ்சு நோயாளிகளிடம் அந்த இழைகள் எப்படிக் கெடுகின்றன என்று அவர் பார்க்க விரும்பினார். முதலில் தவளைத் தொண்டையில் கைபழக வேண்டும். அங்கேயும் அதே இழைகள்தான்.

நகரத்து நுண்ணோக்கிக்குப் பொறுப்பான பெரியவர் ஒருநாள் வந்தார். மப்ளரை அவிழ்க்காமலேயே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த மிஸ்ட்ல இது நடக்காதும்மா. ஒரே ஒரு சான்ஸ் தர்றேன். தவளை இழைய எனக்குக் க்ளியரா காட்டுங்க. இல்லாட்டி மெஷின் கீழ வந்துடும்."

மெஷின் போனால் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி போகும். நானும் போவேன். எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. பழனி அடிவாரத்தில் என் மாமனாரின் பஞ்சாமிர்தக் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் கல்யாணத்தன்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நான் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் அதைத் துண்டால் தட்டிக் காட்டுவார். "மாப்பிள்ளை, தவளைய அறுத்தது போதும். வாழப்பழத்தப் பிசைய வாங்க."

எங்கள் எதிரி ஈரம். திசுவை ஒரு பிசினில் முக்கி, மாத்திரைக் கூடு போன்ற சிறு குப்பிகளில் ஊற்றி, இரண்டு நாள் சூட்டில் வைத்தால் பிசின் கல்லாக வேண்டும். கொடைக்கானலிலோ மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாகக் குப்பிக்குள் இறங்கியது. சாயங்காலமானால் மின்சாரம் சோர்ந்து, சூட்டுப்பெட்டி வெதுவெதுப்போடு நின்றுவிடும். குப்பியைத் திறந்தால் உள்ளே நெய்விட்ட அல்வா. ஒருமுறை அல்ல, முயன்ற ஒவ்வொரு முறையும் அல்வா. அல்வாவை யாராலும் மெல்லிசாகச் சீவ முடியாது.

நகரத்துக்குப் போக வேண்டிய வாரம் நெருங்கியது. புதிதாகத் தயாரித்த குப்பிகளோடு நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, ரொட்டி வாங்கப் பஜாருக்குப் போனேன். பேக்கரி பாய் அடுப்பின் செங்கல் மேடையில் கையை நீட்டி உப்பு எடுத்தார். ஊர் முழுக்க உப்பு கசிந்து கிடக்கிற மழையில் அவர் உப்பு மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. விறகு அடுப்பு, அணைவதே இல்லை.

ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் ஒரு வெப்பமானியை உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் சொருகி, ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேட்கிற வேலை என் தலையில்.

"பாய், இந்தக் கண்ணாடிப் பொட்டிய ரெண்டு நாளைக்கு இங்கன வச்சுக்கிறட்டா?"

"உள்ள என்ன?"

"மருந்து மாதிரி."

"மாதிரின்னா? பங்காளி, உம் மொகரையே சரியில்ல. உண்மையச் சொல்லு."

"தவளைத் தொண்டை."

பாய் கையிலிருந்த உப்பைக் கீழே போட்டார். "யா அல்லா! நான் ரொட்டி சுடுற எடம்யா இது! ஊரே இங்கதான் பொறை வாங்குது!"

"மூடி முத்திரை வச்சிருக்கு பாய். ஒரு பொட்டு வாசம் வெளிய வராது."

"வாசம் வராட்டி தவளை கோழியாயிருமா?"

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "பாய், ஒங்க வீட்டம்மாவுக்கு வருஷா வருஷம் இழுப்பு வருதுல்ல? எதனாலன்னு கண்டுபிடிக்கத்தான் இது."

பாய் உப்பு மூட்டையைச் சற்று நகர்த்தினார். "அடுப்புக்கு உள்ள கெடையாது. மேல. உப்புக்கு அந்தப் பக்கம். தவளைன்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, பங்காளின்னு பாக்க மாட்டேன்."

மறுநாள் வெள்ளனே போய் நின்றேன். பாய் கடுப்பாக இருந்தார்.

"ஏன்யா, மாத்திரைக் கூட்டுல போட்டுத்தான் வைக்கணுமா? இருமலுக்கு நல்லதான்னு காலைலயே ரெண்டு பேரு கேக்குறாங்க."

"குடுத்துட்டீங்களா?" என் குரல் கீச்சென்று வந்தது.

"குடுக்க நான் என்ன டாக்டரா? வெரசா எடுத்துட்டுப் போற வழியப் பாரு."

இரண்டு நாள் முடிந்து எடுத்தபோது குப்பிகள் கல். டாக்டரம்மா நகத்தால் தட்டினார். டிக் என்றது. என் கல்யாண மேளம்கூட என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. இதை வீட்டில் சொல்லவில்லை.

அன்று வெட்டினோம். மூச்சு பட்டால் சீவல் சுருளும். அதனால் மப்ளரை வாயில் கட்டிக்கொண்டு மணமகள் போலக் குனிந்திருந்தேன். சீவல் தடிமனாக இருந்தால் தண்ணீரில் ஊதாவாக மின்னும், மெலிந்தால் தங்கம், இன்னும் மெலிந்தால் வெள்ளி. எங்களுக்கு வெள்ளி வேண்டும். ஊதா வந்தது, ஊதா வந்தது, தங்கம் வந்தது. கத்தியை மாற்றினோம். வெள்ளி வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, ரிப்பன் போல. என் இமை முடி அதை மெல்லத் தள்ள, மூக்குத்திக் கல் அளவுள்ள செம்பு வலையில் டாக்டரம்மா ஏந்திக்கொண்டார்.

வலைகளைச் சிறு டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்து, வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடியே வந்தேன். பக்கத்து ஸீட்காரர் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார்.

நகரத்தில் நுண்ணோக்கி அறையை இருட்டாக்கினார்கள். ஆள் உயரத் தூண் போன்ற அந்த மெஷினின் அடியில் பச்சைத் திரை ஒளிர்ந்தது. பெரியவர் குமிழ்களைத் திருகினார். முதலில் வெறும் மேகம். கொடைக்கானல் இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் திருகினார்.

மேகத்திலிருந்து சக்கரங்கள் எழுந்தன. அத்தனையும் மயிரிழைகளின் குறுக்குவெட்டு. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சுற்றிவர ஒன்பது ஜோடிப் புள்ளிகள், நடுவில் இரண்டு. ஊசியால் குத்தி வைத்தது போல அவ்வளவு துல்லியம்.

பெரியவர் எண்ணினார். உதடு அசைவது பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது. பிறகு மறுபடியும் எண்ணினார்.

"இவ்வளவு க்ளீனா எங்க பசங்களுக்கே வரலையேம்மா. எந்த ஓவன்ல வச்சீங்க?"

"பிரிக் ஓவன், ஸார்," என்றார் டாக்டரம்மா, முகம் மாறாமல்.

"இம்போர்ட்டடா?"

"லோக்கல்."

அவர் தலையை ஆட்டினார். "மெஷின் மலையிலேயே இருக்கட்டும். பேஷன்ட்ஸ் ஸாம்பிளும் நீங்களே அனுப்புங்க." நான் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். நான் கண்ணாடி போடுகிறவன் இல்லை என்பதை நல்லவேளை இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

ஊர் திரும்பியதும், நுண்ணோக்கியில் எடுத்துத் தந்த போட்டோவை நேராகப் பேக்கரிக்குக் கொண்டுபோனேன்.

"என்ன இது, வண்டிச் சக்கரமா?"

"உங்க அடுப்புல வெந்தது, பாய்."

பாய் கடையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, போட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "இத்துனூண்டு இழைக்குள்ள இம்புட்டு வேலப்பாடா? படைச்சவன் கைத்திறமையப் பாத்தியா பங்காளி."

அடுத்த வாரம் அவர் கடையில் புது பிஸ்கட் வந்தது. வட்டமாக, முள் கரண்டியால் குத்திய துளைகளோடு. ஓரத்தில் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. டூரிஸ்ட்டுகள் என்ன டிஸைன் என்று கேட்டால், "ஃபாரின்" என்பார்.

ஒரு பொட்டலம் மாமனாருக்குக் கொண்டுபோனேன். காபியில் தோய்த்துத் தின்று, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். தவளை விஷயத்தை அவர் இரண்டாவதையும் முடித்த பிறகுதான் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், என் ஸ்டூலின் மேல் வெல்ல மூட்டை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவு பாந்தமாக இருந்திருக்காது.