வார்னிஷ் பூசிய விலா எலும்பு

ஜெபகுமாரின் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியை ஒட்டிய ஊர். அப்பா வாழைத்தார் சுமந்து அவனைப் படிக்கவைத்தார். பாளையங்கோட்டையில் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தான். பட்டம் வாங்கிய படத்தை அப்பா பைபிளுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்.

அந்தப் படிப்பு கொண்டுவந்து விட்ட இடம் புனே பக்கத்து ரஞ்சன்காவ். ஒரு தொழிற்சாலையில் வாஷிங் மெஷினின் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடும் வேலை. அதுவும் காண்டிராக்டில். ஆராய்ச்சிப் படிப்புக்கு அவன் விண்ணப்பித்த இடங்களெல்லாம் கையை விரித்துவிட்டன. ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்று ஒன்று உண்டு. அதற்கு இருபத்தெட்டு வயதைத் தாண்டக்கூடாது. அந்த வயது பங்குனியில் முடிகிறது. அதற்குள் ஏதாவது நடக்கவேண்டும். இல்லாவிட்டால் மூடிதான், கீறல்தான்.

நடக்கும் என்று நம்பவைத்தது ஒரு எலும்பு.

மழை ஓய்ந்த பிறகு தொழிற்சாலைக்காரர்கள் கொங்கண் பக்கம் ஒரு கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். மற்றவர்கள் ஈர மணலில் கிரிக்கெட் ஆட, ஜெபகுமார் கரையோரமாகவே நடந்து பாறைமுனைக்குப் போனான். மணலும் சிப்பியும் கெட்டித்துப்போன பழுப்புப் பாறை. அலை அதை உடைத்துப் போட்டிருந்தது. உடைந்த கட்டி ஒன்றிலிருந்து அரிவாள் மாதிரி வளைந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தூக்கினான். இரும்புக்குரிய கனம். உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தான். மஜ்ஜை இருக்கவேண்டிய துவாரமே இல்லை, உள்ளே கெட்டி. மாடு இல்லை, குதிரை இல்லை. அவன் படித்த எதுவும் இல்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த பாறையோடு அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

எம்.எஸ்சி. படித்தவன் என்பதால் அவனை டாக்டர் என்றே கூப்பிடும் அறைத்தோழன் மனோஜ் பஸ்ஸில் சிரித்தான். “அரே டாக்டர், கடலுக்கு வந்து கல்லா பொறுக்குறே?”

“கல் இல்லை. எலும்பு.”

அன்றிலிருந்து அவன் வாயில் அதிகம் புழங்கிய வாக்கியம் அதுதான். புனேயை ஒட்டிய தேஹு ரோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அதைக் கொண்டுபோனபோதும் சொன்னான்.

“ஏல, இந்தக் கல்லத் தூக்கிக்கிட்டு எங்கல அலையுத?”

“கல்லு இல்லக்கா, எலும்பு. ரொம்பப் பழசு. ஆயிரக்கணக்கான வருசம் இருக்கும்.”

“எலும்பா? என் வீட்டுக்குள்ளயா?”

அத்தான் லியோனார்ட் ராணுவ டிப்போவில் வேலை பார்ப்பவர். தேஹு ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எலும்பைக் கையில் வாங்கி எடைபார்த்தார். “க்யா மச்சான், பாயா வைக்கலாமா? ஆனா இதுக்கு நம்ம குக்கர் பத்தாது.”

சிரித்தாரே தவிர, அந்த ஞாயிறே தமிழ் ஆலயத்தில் பாதிரியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்கா ஊருக்குப் போன் போட்டாள். அப்பா பொறுப்பாரா? அடுத்த வாரமே ஊர் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டார். “மகன் ஜெபகுமார் ஆதிகாலத்து மிருகத்தைக் கண்டுபிடித்ததற்காக” என்று பாதிரியார் பீடத்திலிருந்து வாசித்தாராம். அது என்ன மிருகம் என்று அதைக் கண்டெடுத்தவனுக்கே அப்போது தெரியாது.

புனேயிலிருக்கும் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கடற்கரையில் எடுத்த படங்களை மெயிலில் அனுப்பினான். பதில் இல்லை. மறுபடி அனுப்பினான். காத்திருப்பவனின் கை சும்மா இருக்காது. கல்லூரி விலங்கியல் துறையின் காட்சியறை ஞாபகம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக எலும்புக்கூடுகள். முயல், ஓணான், புறா. பால்மாதிரி வெள்ளை, வார்னிஷ் பளபளப்பு, அடியில் கறுப்பு மையில் பெயர். எலும்பு என்றால் அப்படி இருக்கவேண்டும். அதைப் பதப்படுத்தும் முறையைச் செய்முறைத் தேர்வில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் அவன்.

அக்கா வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்தான். ஒட்டியிருந்த பாறையை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்தான். பெயராததற்குக் கக்கூஸ் கழுவும் ஆசிட். நுரைத்துக்கொண்டு கரைந்தது. பிறகு வெளுக்க மருந்து, காயவைத்து இரண்டு பூச்சு வார்னிஷ். முடித்து வெளியே கொண்டுவந்தபோது அக்காவே வாயைப் பிளந்தாள். “ஏ, கடையில வாங்குனது மாதிரில்லா இருக்கு!”

தை பிறந்ததும் பதில் வந்தது. அலினா என்று ஒரு ஆராய்ச்சியாளர். படங்களைப் பார்த்தேன், உடனே நேரில் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தாள். ஜெபகுமார் அதை எத்தனை தடவை படித்தானோ. இரண்டாம் ஷிப்டு வேலை இருந்த நாள் ஒன்றில், இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, எலும்பைப் பூத்துவாலையில் சுற்றிப் பையில் வைத்துக் காலையிலேயே கிளம்பினான்.

அலினா அவனைவிடச் சின்னவளாக இருந்தாள். மெயிலில் அவன் பெயருக்குக் கீழே ஊரைப் பார்த்திருந்ததால் தமிழிலேயே பேசினாள், ஆங்கிலம் கலந்த தமிழ்.

“வாங்க, வாங்க. போன வாரம் நான் அந்த பீச்சுக்கே போனேன். நீங்க லொகேஷன் அனுப்பினீங்கல்ல? ஆனா அந்தப் பாறையை அலை உடைச்சுக் கொண்டுபோயிடுச்சு, மிச்சத்து மேல மணல். அதனால உங்க பீஸ்தான் எல்லாமே. காட்டுங்க.”

துவாலையைப் பிரித்தான். வெளிச்சத்தில் வார்னிஷ் மின்னியது. பாராட்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் எலும்பைப் பார்க்கவில்லை. துவாலைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

“இது... போட்டோல இருந்ததா? அதே எலும்பா?”

“அதேதான் மேடம். சுத்தம் பண்ணிட்டேன்.”

“அந்தப் பாறை எங்க? ஒட்டியிருந்ததே?”

“எடுத்துட்டேன்.”

“எடுத்து? எங்க வெச்சிருக்கீங்க? ஒரு சின்னத் துண்டு போதும்.”

அக்கா வீட்டுக் குளியலறைச் சாக்கடைத் துவாரம் அவன் கண்முன் வந்தது. துவாலையின் ஓரத்தை இழுத்து நேராக்கினான். அலினாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒரு எலும்புத் துண்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அதே கனம், அதே கெட்டி.

“கடல்பசு,” என்றாள். “விலா எலும்பு. சந்தேகமே இல்ல. இந்தப் பக்கத்துக் கடல்ல இப்ப இது கிடையவே கிடையாது.”

“ஆவுளியாவா?” ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் சொல்லும் பெயர் அவனையறியாமல் வந்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அப்பா படைத்த காணிக்கை வீண்போகவில்லை என்று நினைத்தான். “எவ்வளவு பழசு மேடம்?”

“அதுதான்.” அவள் லென்ஸைக் கீழே வைத்தாள். “ஆயிரம் ஆயிரம் வருஷம் இருக்கலாம். இல்ல, நாற்பது வருஷம் முன்னாடி செத்து ஒதுங்கினதா இருக்கலாம். எங்கேயோ இருந்து கப்பல்ல வந்து விழுந்ததாக்கூட யாராவது சொல்லுவாங்க. எது சரின்னு, எலும்பைச் சுத்தி இறுகின அந்தப் பாறைதான் சொல்லணும். இப்ப பாறை இல்ல. எலும்பை டெஸ்ட் பண்ணலாம்னா ஆசிட், மேல வார்னிஷ். யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

“வேற வழியே...”

“நானும் யோசிக்கிறேன். இல்ல.” பிறகு, திட்டும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: “இப்படி கிளீன் பண்ணச் சொல்லி யார் சொன்னாங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “நான் எம்.எஸ்சி. ஜுவாலஜி மேடம்.”

அவள் லென்ஸை எடுத்து உறைக்குள் போட்டாள்.

எழுந்திருக்கும்போது அந்த உதவியாளர் வேலையைப் பற்றிக் கேட்டே விட்டான். “ரிசர்ச் பேப்பர் வந்திருந்தா அதுல உங்க பேரும் இருந்திருக்கும். அத வெச்சு எங்க ஹெட் சார்கிட்ட நானே பேசியிருப்பேன்,” என்றாள். “இப்ப எதைச் சொல்லிப் பேசட்டும், சொல்லுங்க?” எலும்பைத் துவாலையில் அவளே சுற்றிக் கொடுத்தாள். “நீங்களே வெச்சுக்கங்க. நிஜமாவே நல்லா பாலிஷ் பண்ணியிருக்கீங்க.”

ரஞ்சன்காவ் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்கா போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தான்.

“என்னல சொன்னாங்க? அப்பா காலையிலேருந்து கேட்டுட்டே இருக்காரு. எலும்புதானாம்லா?”

“எலும்புதான்க்கா.”

“ஸ்தோத்திரம்! நான் அப்பவே சொன்னேம்லா. இந்தா, அப்பாவுக்குச் சொல்லிடுதேன்.”

அக்கா வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே, தொழிற்சாலைக் கேட் வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

ஷிப்டுக்கு ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். துவாலையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தான். “யே க்யா ஹை?”

பின்னால் நின்ற மனோஜ் சிரிப்போடு காத்திருந்தான், டாக்டர் வழக்கமான பதிலைச் சொல்வான் என்று.

“பத்தர்,” என்றான் ஜெபகுமார். கல்.

கல்லெல்லாம் உள்ளே கொண்டுபோகக்கூடாது, வெளியே போடு என்றான் காவலாளி. மதிலோரம் உடைந்த செங்கலும் சிமெண்டுக் கட்டியும் குவிந்து கிடந்தன. அதன்மேல் எலும்பை வைத்தான். துவாலையை மட்டும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். முதல் மூடி கன்வேயர் பட்டையில் நகர்ந்து வந்தது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கீறல் இல்லை. தள்ளிவிட்டான்.